சுருதி கெட்ட பியானோக்கள்

ஜாஸ் பியானோவில் கேட்க வேண்டிய பதிவுகள் எவை என்று யாரிடம் கேட்டாலும் ஏறக்குறைய ஒரே பட்டியல்தான் வரும். ஆர்ட் டேட்டம், பட் பவல், தெலோனியஸ் மங்க், எரால் கார்னர், ஆஸ்கார் பீட்டர்சன், பில் எவன்ஸ், கீத் ஜாரெட். பெயர்களில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பட்டியலைக் கைமாற்றும் விதத்தில்தான் கோளாறு. டேட்டத்தின் வேகம், பவலின் புதுமை, எவன்ஸின் செல்வாக்கு என்று காரணங்களை அடுக்குகிறார்கள். இவை பியானோக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் காரணங்கள். ஆயர் தாவாரில் செம்பனைத் தோட்டத்து ஓரம் வீடு கட்டிக்கொண்டு, டி.எம்.எஸ்ஸும் இளையராஜாவும் கேட்டு வளர்ந்த ஒருவருக்கு இவற்றால் ஆகப்போவது ஒன்றுமில்லை. அவர் மரியாதைக்காக முதல் தட்டைப் பாதி கேட்பார். “நல்லாத்தான் இருக்கு தம்பி, நமக்குத்தான் பிடிபடல” என்று எழுந்துவிடுவார்.

மேற்கத்திய இசையறிவு இல்லாததால்தான் பிடிபடவில்லை என்று நம்மிடையே ஓர் எண்ணம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏ.பி.ஆர்.எஸ்.எம். மேற்கத்திய இசைத் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு மலேசியாவில் பஞ்சமில்லை. எட்டாம் கிரேடு தேறியவர்களும் அதே பாதியில்தான் எழுந்து போகிறார்கள். வாசிக்கிறவர் எதோடு மல்லுக்கட்டுகிறார் என்பது கேட்கிறவருக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். ஜாஸ் பியானோவின் மிகச் சிறந்த பதிவுகளில் பல, சுருதி விலகிய பியானோவிலும், கண்ணாடிக் குவளைகள் மோதிக்கொள்ளும் கூடத்திலும், மூன்று நிமிடத்துக்கு மேல் இடங்கொடுக்காத தட்டிலும் பிறந்தவை. அந்த நெருக்கடியிலிருந்து தொடங்கிச் சொன்னால் தோட்டத்துக் காதுக்கும் இந்த இசை எட்டும் என்பது என் வாதம். அதற்கு முன்னால், இந்த இசை எங்கள் பக்கம் எப்படி வந்தது, யாரிடம் வந்தது, யாரிடம் வராமல் போனது என்பதைப் பார்த்துவிட வேண்டும்.

வந்த வழிகள்

ஈப்போவிலிருந்து லூமுட் போகும் வழியில், சித்தியவானுக்கு முன்னால் இருக்கும் பேராக் மாநிலச் சிறுநகரம் ஆயர் தாவார். சுற்றுவட்டாரம் முழுக்க ஒரு காலத்தில் ரப்பர். இன்று பெரும்பாலும் செம்பனை. சித்தியவானில் 1903இல் பூச்சாவ் சீனர்கள் குடியேறியபோது மெதடிஸ்ட் சபையும் கூடவே வந்தது. சபை இருந்த இடத்தில் பாட்டுப்புத்தகமும் ஏதாவதொரு விசைக்கருவியும் இருக்கும். தோட்டத்துத் தமிழர் கண்ணில் பியானோ படக்கூடிய இடங்கள் மூன்றுதான்: தேவாலயம், மிஷன் பள்ளி மண்டபம், துரைமார் கிளப். மூன்றாவது இடத்துக்குள் நம்மவர் நுழைந்தால் கையில் தட்டு ஏந்தித்தான் நுழைந்திருப்பார்.

எங்கள் ஊர்க் காற்றில் பியானோ படும் பாட்டை இங்கே சொல்லியாக வேண்டும். ஈரத்தில் ஒலிப்பலகை உப்பும். அதோடு சுருதி ஏறும். கம்பி துருப்பிடிக்கும், சுத்தியலின் ஃபெல்ட்டில் பூஞ்சை படரும். இதற்காகப் பெட்டிக்குள் ஒரு பல்பை இரவு பகலாக எரியவிடுவார்கள், அல்லது சூடேற்றும் தண்டு ஒன்றைப் பொருத்துவார்கள். அப்படியும் சுருதி நிற்காது. ஆகவே பேராக்கில் நம் முன்னோர் காதில் விழுந்த முதல் பியானோ அநேகமாகச் சுருதி கெட்ட பியானோவாகத்தான் இருந்திருக்கும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. பின்னால் இது நமக்கு உதவப்போகிறது.

தட்டுகளின் கதை வேறு. எமில் பெர்லினர் 1890களில் விற்ற ஆரம்பகால இசைத்தட்டுகள் கெட்டிப்படுத்திய ரப்பரால் ஆனவை. 1895 வாக்கில்தான் அவர் அரக்குக் கலவைக்கு மாறினார். அந்த ரப்பர் நம்முடையதல்ல, தென்னமெரிக்கக் காட்டுப் பால். மலாயா ரப்பரின் தொடக்கம் 1877இல் கோலகங்சாரில் நட்ட ஒன்பது கன்றுகள். அவற்றில் ஒன்று இன்னும் நிற்கிறது. ரப்பர் தட்டிலிருந்து போனாலும் இயந்திரத்திலிருந்து போகவில்லை. பின்னால் வந்த மின்சாரத் தட்டுப் பெட்டிகள் பலவற்றில் சுழல்மேடையை உருட்டியது ரப்பர் பூண்ட சிறு சக்கரம். அரக்கு இந்தியாவின் சரக்கு. பால்மரம் வெட்டியவர்களும் அரக்குப் பூச்சி வளர்த்தவர்களும் உலகத்துக்கு இசை கேட்க வழிசெய்தார்கள். அவர்கள் வீட்டில் பெட்டி இல்லை.

இசைக்கலைஞர்கள் நகரங்களுக்கு வந்தார்கள். சிகாகோவில் பெயர்பெற்ற கறுப்பினப் பியானோக்காரர் டெடி வெதர்ஃபோர்ட் 1920களின் நடுவில் ஆசியாவுக்குக் கப்பலேறினார். ஷாங்காய், பம்பாய், கல்கத்தா என்று வாசித்துத் திரிந்து, 1945இல் கல்கத்தாவில் காலராவில் இறந்தார். வயது 41. மலாயாவில் கேபரே மேடைகளையும் பிறகு வானொலி வாத்தியக் குழுக்களையும் தாங்கியவர்களில் பிலிப்பைன்ஸ் வழிவந்த குடும்பங்களுக்குப் பெரும் பங்குண்டு. ஈப்போவின் ஜூபிலி பார்க்கில் நடன இசை கேட்ட தலைமுறைக்கு இது நன்றாகத் தெரியும். அந்தக் குடும்பங்களில் ஒன்றிலிருந்து வந்த ஜாஸ் பியானோக்காரர் அல்போன்சோ சோலியானோ, 1961இல் அமைந்த வானொலி இசைக்குழுவின் முதல் நடத்துநர். பினாங்கின் ஜிம்மி பாயில் (1922–1971) யூரேசியர். ஜாஸ் பியானோவில் ஊறியவர். மெர்டேக்காவுக்குப் பிறகு நாடே பாடிய தேசியப் பாடல்கள் சிலவற்றின் மெட்டு அவருடையது. பள்ளி மைதானத்தில் வெயிலில் நின்று அந்தப் பாடல்களைப் பாடிய தோட்டத்துப் பிள்ளைகள், ஒரு ஜாஸ் பியானோக்காரரின் விரலில் பிறந்த மெட்டைப் பாடுகிறோம் என்று அறிந்திருக்க வழியில்லை.

அமெரிக்க அரசு பனிப்போர்க் காலத்தில் ஜாஸைத் தூதாக அனுப்பியது. பென்னி குட்மனின் குழு 1956 கடைசியில் கிழக்காசியச் சுற்றுக்கு வந்து, பாங்காக், சிங்கப்பூரோடு கோலாலம்பூரிலும் வாசித்தது. அந்தக் குழுவில் பியானோ ஹாங்க் ஜோன்ஸ், டபுள் பாஸ் இஸ்ரேல் கிராஸ்பி. இந்த இரண்டாவது பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார். 1958இல் டேவ் புரூபெக்கின் நால்வர் குழு துருக்கி வழியாக இந்தியாவுக்கு வந்து மதராஸிலும் வாசித்துவிட்டு இலங்கைக்கும் போனது. டியூக் எலிங்டனின் குழு 1963இல் அதே தடத்தில் வந்தது.

இவற்றையெல்லாம்விட ஆழமாகப் போனது சிற்றலை. 1955 தொடங்கி வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவில் வில்லிஸ் கோனோவர் இரவுதோறும் ஜாஸ் தட்டுகளைப் போட்டார். கனத்த குரல், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களுக்காகவே நிறுத்தி நிறுத்திப் பேசுவார். சொந்தமாக வானொலிப் பெட்டி வைத்திருந்த கிராணிமார், அதாவது தோட்டத்து எழுத்தர்கள், வீடுகளில் திருகை நகர்த்தினால் அவர் கிடைத்திருப்பார். அரசு கம்யூனிஸ்டுகளோடு போரிட்ட அவசரகாலத்தில் தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் பொதுவில் வைத்த வானொலிப் பெட்டிகளில் அவர் கிடைத்திருக்க வாய்ப்பில்லை. அவை வேறு வேலைக்காக வைக்கப்பட்ட பெட்டிகள்.

தோட்டத்துத் தமிழருக்கு ஜாஸைக் கொண்டுவந்தது சினிமாதான். இதை வெட்கப்படாமல் ஒப்புக்கொள்வது நல்லது. 1964இல் வந்த ‘புதிய பறவை’யை எடுத்துக்கொள்ளுங்கள். விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசை. கதாநாயகன் சிங்கப்பூரில் ஓர் இரவு விடுதியில் சௌகார் ஜானகியைச் சந்திக்கிறான். நமக்குப் பக்கத்து ஊரில் நடக்கும் அந்தக் காட்சியில் பியானோவும் பித்தளைக் குழல்களும் ஜாஸ் நடையில் பேசுகின்றன. பாட்டு எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் அந்த நடை எப்போது வரும்? விடுதி, மது, நம்ப முடியாத பெண், நள்ளிரவு. இருபது ஆண்டுக்காலம் தமிழ் சினிமா ஜாஸைக் கெட்ட சகவாசத்தின் அடையாளமாகவே பயன்படுத்தியது. காது பழகிவிட்டது, மனம் ஒதுக்கிவைத்தது. அதே மதராஸில் தன்ராஜ் மாஸ்டர் போன்றவர்கள் மேற்கத்திய இசையின் இலக்கணத்தை ஒழுங்காகக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இளையராஜாவும் ரகுமானும் தன்ராஜிடம் படித்தவர்கள். எண்பதுகளில் ராஜாவின் பாடல்களில் பாஸ் கிட்டார் தனிக்குரலாகப் பேசத் தொடங்கியபோது எங்கள் பக்கத்துக் காது பாதி வழி வந்துவிட்டது என்று நினைக்கிறேன். அதை யாரும் ஜாஸ் என்று சொல்லித்தரவில்லை.

கமகம் என்னும் தடை

தமிழ் இசை ரசிகர்களிடம் பியானோ பற்றி ஒரு பழைய சந்தேகம் உண்டு. விசைக்கருவியில் சுரங்கள் தனித்தனியாக நிற்கும். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இழைய முடியாது. கமகம் இல்லாத இசை என்ன இசை? இந்தச் சந்தேகம் இந்திய வானொலியில் சட்டமாகவே இருந்தது. 1940 முதல் 1971 வரை அகில இந்திய வானொலியில் ஆர்மோனியத்துக்குத் தடை.

இதற்குப் பதிலாக, ஜாஸை விளம்பரப்படுத்துகிறவர்கள் ‘மனோதர்மம்’ என்ற ஒப்புமையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அங்கே இம்ப்ரோவைசேஷன், இங்கே ஆலாபனை, இரண்டும் ஒன்றுதான் என்பார்கள். இந்த ஒப்புமை கெடுதல் செய்கிறது. ஆலாபனையை எதிர்பார்த்து உட்காருகிறவர் ராகம் விரிவதற்காகக் காத்திருப்பார். ஜாஸ் பியானோவில் ராகம் விரியாது. பெரும்பாலான துண்டுகளில் 32 அளவோ 12 அளவோ கொண்ட ஒரு சுற்று இருக்கும். அந்தச் சுற்றுக்குள் கார்டுகள், அதாவது சேர்த்து அழுத்தும் சுரக்கூட்டங்கள், ஒரு வரிசையில் மாறிக்கொண்டே போகும். சுற்று முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து. தாளத்தில் ஆவர்த்தனம் திரும்புவதுபோல் இங்கே சுரக்கூட்டமே திரும்புகிறது. வாசிக்கிறவரின் கற்பனை அந்தச் சுற்றின் மேல் ஓடுகிறது. ஆகவே கர்நாடக இசையிலிருந்து கைகாட்ட வேண்டுமானால் தனி ஆவர்த்தனத்தைக் காட்டலாம், ஆலாபனையை விட்டுவிடலாம். அதையும்விட, உறுமியும் தவிலும் கேட்டு வளர்ந்தவருக்கு இந்த இசையின் கால்வைப்பு சீக்கிரம் பிடிபடும்.

கமகம் என்ற கேள்விக்கு மங்க் ஒரு பதில் வைத்திருக்கிறார். கறுப்பினப் பாடகர்கள் ப்ளூஸ் பாடும்போது சில சுரங்களை இரண்டு விசைகளுக்கு நடுவே நிறுத்துவார்கள். பியானோவில் அந்த இடத்தில் விசையே கிடையாது. ப்ளூஸ் பியானோக்காரர்கள் என்ன செய்தார்கள்? பக்கத்துப் பக்கத்து விசைகள் இரண்டையும் சேர்த்து நசுக்கினார்கள், அல்லது கறுப்பு விசையிலிருந்து வெள்ளைக்கு விரலை வழுக்கவிட்டார்கள். நடுவில் இருக்கும் சுரம் காதில் நிழலாகத் தோன்றும். மங்க் இந்த நசுக்கலைத் தன் மொழியாகவே ஆக்கிக்கொண்டார். 1965இல் வந்த ‘சோலோ மங்க்’ தட்டில் அவர் தனியாக உட்கார்ந்து பழைய காலப் பாட்டுகளை வாசிக்கிறார். முதன்முறை கேட்பவருக்கு விரல் தவறுவதுபோல் இருக்கும். இரண்டாவது முறை, அந்தத் தவறு அதே இடத்தில் திட்டமிட்டு வருவது தெரியும். ஆர்மோனியத்தைத் தடைசெய்தவர்கள் எழுப்பிய கேள்வி நியாயமானது. அதற்குக் கருவியோடு போராடி விடை தேடியவர்களும் இருந்தார்கள் என்பதை அவர்கள் கேட்டிருக்கவில்லை.

தட்டுகள்

பத்து அங்குல அரக்குத் தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம். 1948இல் நீள்தட்டு வரும்வரை ஜாஸ் பியானோ முழுவதும் இந்தப் பெட்டிக்குள் அடங்கியாக வேண்டும். ஜேம்ஸ் பி. ஜான்சன் 1921இல் பதித்த ‘கரோலைனா ஷௌட்’, இடக்கை தாழ்சுரத்துக்கும் கார்டுக்கும் தாவித் தாவி அடிக்கும் ‘ஸ்ட்ரைட்’ நடைக்கு இலக்கணம். இளைஞர் எலிங்டன் அதைத் தானியங்கிப் பியானோவின் காகிதச் சுருளில் மெதுவாக ஓட்டி, தானாகத் தாழும் விசைகளின் மேல் விரலை வைத்துக் கற்றுக்கொண்டார். எர்ல் ஹைன்ஸ் 1928 டிசம்பரில் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் எக்காளத்தோடு இருவராக மட்டும் பதித்த ‘வெதர் பேர்ட்’டில், இருவரும் ஒருவரை ஒருவர் தாளத்தில் தடுக்கிவிழவைக்கப் பார்ப்பது சிரிப்பை வரவழைக்கும்.

டேட்டத்தை எங்கே வைப்பது? 1909இல் பிறந்தவர், ஒரு கண் பார்வை இல்லை, மறு கண்ணில் கொஞ்சம். 1933 மார்ச்சில் தனியாக நான்கு பக்கங்கள் பதித்தார். அவற்றில் ‘டைகர் ராக்’கைக் கேட்டவர்கள் இரண்டு பேர் வாசிக்கிறார்கள் என்று நினைத்தார்களாம். இருபது ஆண்டு கழித்து, 1953 டிசம்பர் கடைசியில், தயாரிப்பாளர் நார்மன் கிரான்ஸ் அவரை ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்காரவைத்து இரண்டே நாளில் அறுபதுக்கும் மேற்பட்ட பாட்டுகளைப் பதிந்தார். உலகம் இந்தப் பிற்காலப் பதிவுகளைக் கொண்டாடுகிறது. எனக்கு 1933தான். நேரம் தாராளமாகக் கிடைத்ததும் டேட்டம் அலங்காரத்தில் மிதக்கத் தொடங்கிவிடுகிறார். மூன்று நிமிடத்தில் தட்டு முடிந்துவிடும் என்ற அவசரத்தில் அந்த அலங்காரத்துக்குப் பல் முளைத்திருந்தது.

இனி நெருக்கடியின் ராஜா. 1955 செப்டம்பர் 19, கலிபோர்னியாவின் கார்மெல் என்னும் கடலோர ஊரில் ஒரு பள்ளி அரங்கம். எரால் கார்னரின் மூவர் கச்சேரி. தட்டு போடும் எண்ணம் யாருக்கும் இல்லை. ரசிகரான ஒரு படைவீரர் தன் ஆசைக்காக நாடாப் பதிவு இயந்திரம் வைத்திருந்தார். பியானோவின் சுருதி சரியில்லை, டபுள் பாஸ் சரியாகக் கேட்காது, முரசு தூரத்தில் ஒலிக்கிறது. கார்னரின் மேலாளர் மார்த்தா கிளேசர் அந்த நாடாவை வாங்கி கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்திடம் கொண்டுபோனார். ‘கான்செர்ட் பை தி சீ’ என்று வந்த அந்தத் தட்டு 1958க்குள் பத்து லட்சம் டாலருக்கு மேல் விற்றது.

கார்னர் இசைக்குறிப்பு படிக்கத் தெரியாதவர். குள்ளம், பியானோ முன்னால் தொலைபேசிப் புத்தகத்தின் மேல் உட்காருவார். அவருடைய வித்தையை ஐந்து நிமிடத்தில் எவருக்கும் காட்டிவிடலாம். இடக்கை கிட்டார் மீட்டுவதுபோல் அசையாமல் நாலு எண்ணும். வலக்கை அந்த எண்ணிக்கைக்குக் கொஞ்சம் பின்தங்கியே வரும், வேண்டுமென்றே. ரயிலைத் தவறவிடுவான் என்று நாம் பதறும்போது கடைசிப் பெட்டியில் தொற்றிக்கொள்ளும் ஆள் மாதிரி, சுற்று முடியும் இடத்தில் வந்து சேர்ந்துவிடும். பாட்டைத் தொடங்குமுன் சம்பந்தமே இல்லாத ஒரு முன்னுரை வாசிப்பார். என்ன பாட்டு வரப்போகிறது என்பது உடன் வாசிப்பவர்களுக்கே தெரியாது. அது உடைந்து உண்மையான பாட்டு வெளிப்படும் கணத்தில் அரங்கம் சிரித்துக்கொண்டே கைதட்டுகிறது. இந்தச் சிரிப்பை நான் பெரிதாக மதிக்கிறேன். ஜாஸ் பியானோ என்றாலே முகத்தைச் சுருக்கிக்கொண்டு கேட்க வேண்டிய ஒன்று என்ற பயம் இந்தத் தட்டின் முதல் பக்கத்திலேயே போய்விடும். 2015இல் கச்சேரி முழுவதையும் வெளியிட்டார்கள். பழைய சுருக்கமே போதும்.

கார்னர் பிட்ஸ்பர்க்காரர். எஃகு ஆலைகளின் நகரம் அது. அஹ்மத் ஜமாலும் அங்கேதான் பிறந்தார், அதே வெஸ்டிங்ஹவுஸ் பள்ளியில் படித்தார். மேரி லூ வில்லியம்ஸ் அங்கே வளர்ந்தவர். பன்னிரண்டு ராசிகளுக்கும் ஒவ்வொரு துண்டாக அவர் அமைத்து 1945இல் பதித்த ‘சோடியாக் சூட்’ இன்னும் உரிய இடம் கிடைக்காத தட்டு. ஆலைத் தொழிலாளர் நகரம் ஒன்றிலிருந்து இத்தனை பியானோக்காரர்கள் எப்படி வந்தார்கள் என்று யோசித்தால், தோட்டப்புறத்தில் இசைக்கு இடமில்லை என்று நாமே நமக்குச் சொல்லிக்கொண்டது சரிதானா என்ற சந்தேகம் வருகிறது.

ஜமாலின் பெரிய தட்டு 1958 ஜனவரியில் சிகாகோவின் பெர்ஷிங் ஹோட்டல் விடுதியில் பதிவானது. கூட்டம் பேசிக்கொண்டிருக்கிறது. ஜமால் அதோடு போட்டி போடவில்லை. இரண்டு சுரம் வைப்பார், நிறுத்துவார். அந்த இடைவெளியில் டபுள் பாஸ் பேசும். யார் அந்த பாஸ்? கோலாலம்பூர் வந்துபோன அதே இஸ்ரேல் கிராஸ்பி, ஓராண்டுக்குப் பிறகு. தட்டு நூறு வாரங்களுக்கு மேல் விற்பனைப் பட்டியலில் நின்றது. அதில் உள்ள ‘பாயின்சியானா’வில் வெர்னெல் ஃபூர்னியேயின் முரசைத் தனியாகப் பின்தொடர்ந்து ஒருமுறை கேட்க வேண்டும். மேளம் தெரிந்தவர்கள் பியானோவை மறந்துவிடுவார்கள். பரவாயில்லை, ஜமாலும் அதைத்தான் விரும்பியிருப்பார்.

பில் எவன்ஸ் 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை, நியூயார்க்கில் வில்லேஜ் வான்கார்ட் என்னும் நிலவறை விடுதியில் வாசித்தார். குவளைகளின் ஒலி, யாரோ ஒரு பெண்ணின் சிரிப்பு எல்லாம் பதிவில் இருக்கிறது. பாஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோ அடித்தளமாக நிற்க மறுத்து, பியானோவோடு சரிக்குச் சரி உரையாடுகிறார். ஜூலை 6ஆம் தேதி கார் விபத்தில் இறந்தார். வயது 25. அந்த ஒரு நாளிலிருந்து ‘சன்டே அட் தி வில்லேஜ் வான்கார்ட்’, ‘வால்ட்ஸ் ஃபார் டெபி’ என்று இரண்டு தட்டுகள் வந்தன. அழகான பதிவுகள்தான். ஆனாலும் புதியவருக்கு இதை முதலில் கொடுத்தால் ஹோட்டல் வரவேற்பறை இசை என்று எடுத்துக்கொள்ளும் அபாயம் உண்டு, அதுவும் கைப்பேசியில் கேட்டால். டபுள் பாஸின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸ். கைப்பேசி ஒலிபெருக்கியில் அந்த ஆழமெல்லாம் வராது; லஃபாரோவே காணாமல் போய்விடுவார். காதில் மாட்டும் சாதாரணக் கருவி இருந்தால் போதும்.

ஜாரெட்டின் கொலோன் கச்சேரியை (1975 ஜனவரி 24) பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். பதினெட்டு வயதுப் பெண் வேரா பிரான்டெஸ் ஏற்பாடு செய்தது; மேடையில் தவறான பியானோ, ஒத்திகைக்கு வைத்திருந்த சிறியது; மேல்சுரங்கள் தகரமாக ஒலித்தன, கீழ்ச்சுரங்களில் உயிரில்லை, மிதி சரியாக வேலை செய்யவில்லை. ஜாரெட் நடு விசைகளிலேயே தங்கி, இடக்கையில் ஒரே ஓட்டத்தைத் திரும்பத் திரும்பச் சுழற்றி, ஒரு மணிநேரத்துக்கு மேல் கட்டி எழுப்பினார். முப்பது லட்சத்துக்கு மேல் விற்ற தட்டு. என் வாதத்துக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். ஆனால் கார்னரின் சுருதி கெட்ட பியானோவைப் பேசுகிறவர்கள் குறைவு. அவர் அதைப் பற்றிப் புலம்பவில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

புரூபெக்கின் ‘டைம் அவுட்’ (1959) அமெரிக்கர்களை வியக்கவைத்தது, ஐந்தும் ஒன்பதும் எண்ணியதால். கண்டமும் சங்கீர்ணமும் தெரிந்த ஊரில் அந்த வியப்புக்கு வேலையில்லை. இஸ்தான்புல் தெருவில் கேட்ட ஒன்பதை அவர் 2+2+2+3 என்று பிரித்து வைத்திருப்பது நன்றாக இருக்கிறது, அவ்வளவே. பீட்டர்சனின் ‘நைட் ட்ரெய்ன்’ (1963) குறை சொல்ல முடியாத தட்டு. பீட்டர்சன் எங்கேயும் தடுமாறுவதில்லை. புதியவருக்கு அதை நான் கொடுக்காததற்குக் காரணமும் அதுவே.

கைமாற்றுவது

நம்மவர்களும் இந்த இசையில் இருக்கிறார்கள். லூயிஸ் பிரகாசம் 1970களின் இறுதியில் தொடங்கிய ஏசியாபீட் குழுவில் மலேசியாவின் கொட்டுகள் ஜாஸோடு கலந்தன. மைக்கேல் வீரப்பன் எங்கள் நாட்டு ஜாஸ் பியானோவின் முன்னணிப் பெயர்களில் ஒன்று. சென்னையில் 2015இல் மறைந்த மாதவ் சாரி, கணிதம் படித்துவிட்டு ஜாஸ் பியானோவுக்கு வந்தவர். அமெரிக்காவில் தமிழ்ப் பெற்றோருக்கு 1971இல் பிறந்த விஜய் ஐயர் இன்று உலகில் முதல் வரிசையில் இருப்பவர். இயற்பியலில் தொடங்கி, உடலும் தாளமும் பற்றி 1998இல் பெர்க்லியில் முனைவர் பட்டம் வாங்கியவர். 2014 முதல் ஹார்வர்டில் பேராசிரியர். 2009இல் வந்த அவருடைய ‘ஹிஸ்டாரிசிட்டி’ தட்டில், ஈழத்துப் பின்னணி கொண்ட மாயா அருட்பிரகாசத்தின் ஒரு ராப் பாட்டைப் பியானோ, பாஸ், முரசு மூன்றையும் வைத்துப் புரட்டிப்போட்டிருக்கிறார். ஆனால் தமிழர் என்பதற்காக அவரைக் கேளுங்கள் என்று யாருக்கும் கொடுக்காதீர்கள். பெருமைக்காகக் கேட்கும் இசை பாதியில் நின்றுவிடும். கார்னரும் மங்கும் கேட்டுப் பழகியவருக்கு அவர் தானாகவே பிடிபடுவார்.

பினாங்கில் 2004 முதல் ஜாஸ் விழா நடத்தினார்கள். கோலாலம்பூரின் ‘நோ ப்ளாக் டை’ 1998 முதல் கச்சேரிகள் நடந்த இடம். ஆயர் தாவாரிலிருந்து இவை தூரம், செலவும் கூட. இங்கே ரசனை கைமாற வேண்டுமென்றால் அது ஒருவர் வீட்டு முன்கூடத்தில், மீறிப்போனால் நாலு பேர் நடுவே நடக்கும். அதற்கு நான் கண்ட முறை எளிது. ஒரு மாலைக்கு ஒரே பாட்டு. முதல் முறை ஒன்றும் சொல்லக்கூடாது. பிறகு ஒரே ஒரு செய்தி: பியானோ கெட்டுப்போனது என்றோ, பாஸ்காரர் இன்னும் பதினோரு நாள்தான் இருப்பார் என்றோ, தட்டில் மூன்று நிமிடம்தான் இடம் என்றோ. உடனே இரண்டாம் முறை. ‘மேதை’, ‘புரட்சி’ என்ற சொற்களை எடுத்தால் எதிரில் இருப்பவர் தேர்வறைக்குள் போய்விடுவார். பாட்டு நடக்கும்போது பேசினால் தடுக்கவும் வேண்டாம். பெர்ஷிங்கிலும் வான்கார்டிலும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

பட்டியலில் முன்னால் வைக்கப்படும் பட் பவலை நான் கடைசிக்குத் தள்ளுவேன். கடினம் என்பதற்காக அல்ல. அவரிடம் ஒரு பாட்டு இருக்கிறது, அதற்கு மூன்று மாலைகள் வேண்டும். 1951 மே 1ஆம் தேதி ப்ளூ நோட் நிறுவனத்துக்காக ‘ஊன் போகோ லோகோ’வை மூன்று முறை பதித்தார். மூன்றும் தட்டில் கிடைக்கின்றன. பாஸ் கர்லி ரஸல், முரசு மேக்ஸ் ரோச். பவலின் இடக்கை ஒரே இடத்தில் உறுமிக்கொண்டிருக்க, ரோச் மாட்டுமணி ஒன்றில் ஒரு தட்டு முறையைத் தேடுகிறார். முதல் பதிவில் அது இன்னும் கூடிவரவில்லை. மூன்றாவதில் மணியும் பியானோவும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டே சுற்றை விட்டு விலகாமல் ஓடுகின்றன. கடைசிப் பதிவை மட்டும் போட்டால் இது அதிசயமாக இருக்கும், பிடிபடாது. முதல் மாலை முதல் பதிவு, மறு மாலை இரண்டாவது, மூன்றாம் மாலை மூன்றாவது என்று வரிசையாகப் போடுங்கள். திருவிழாவில் மேளக்காரர்கள் முதல் அரைமணியில் ஒருவரையொருவர் பிடித்துக்கொள்ளத் தடுமாறுவதைப் பார்த்தவர்கள் நம் ஊரில் ஏராளம். மூன்றாம் மாலை மணி எந்த இடத்தில் மாறியது என்பதை அவர்களே சொல்வார்கள்.